கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர்

கோயில் நுழைவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சாதி இந்துவும் பொதுக்கோயிலுக்குள் போகலாம், தடுப்பது குற்றம். தொண்ணூறுகளில் கோவையில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான் அதை மனப்பாடமாக வைத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள மரக்கம்பம் நடுவார்கள். ஊர்ப் பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகக் குடம் கொண்டுபோய் அதற்கு ஊற்றுவார்கள். கம்பத்தைச் சுற்றி ஆடுவதற்கு என் அப்பா தப்பட்டை அடிக்க வேண்டும். ஆனால் அம்மா ஊற்றக் கூடாது. எங்கள் சாதிப் பெண்கள் தெருமுனையில் நின்று கும்பிட்டுக்கொள்வதோடு சரி.

அந்த வருடம் தங்கைக்கு அம்மை போட்டுப் பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. எழுந்து நடந்தால் கம்பத்துக்குத் தன் கையால் ஒரு குடம் ஊற்றுவதாக அம்மா வேண்டியிருந்தாள். தங்கை எழுந்துவிட்டாள். ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான் கேட்டாள். தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். நான் மனு எழுதினேன்.

தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்தது. ஊரின் பெரிய பண்ணையக்காரர், அது தங்கள் குடும்பத்தின் சொந்தக் கோயில் என்று சாதித்தார். அரசாங்கப் பணத்தில் அதற்குத் தார் ரோடு போட்டபோது ஊர்ப் பொதுக்கோயில். நோம்பி நோட்டீஸில் பொதுமக்கள் அனைவரும் வருக. என் அம்மா குடத்தைத் தூக்கியதும் சொந்தக் கோயிலாம்! கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். "சட்டம் உங்க பக்கந்தானுங்க தம்பி. ஆனா ஊர் அமைதின்னு ஒண்ணு இருக்குதில்லைங்க?" என்றார்.

அமைதிக்காகக் கோயிலைப் பூட்டினார். இரு தரப்புக்கும் சமமாம். அதற்குள் ஊரே ஊற்றி முடித்திருந்தது. ஊற்றாதது என் அம்மா மட்டும்தான். தடுத்தவர்கள் மேல் ஒரு வழக்குக்கூட இல்லை. நோம்பி நின்றுபோனதற்கு ஊர் எங்களைத்தான் திட்டியது.

அடுத்த வருடம் அவர்கள் கம்பத்தைக் கோயில் முன்னால் நடவில்லை. பண்ணையக்காரரின் தோட்டத்தில், கம்பி வேலிக்குள் நட்டார்கள். மறுபடியும் அதே அதிகாரியிடம் ஓடினேன். தோட்டம் தனியார் நிலம், நட்டுவைத்த மரம் கோயில் ஆகாது, இதில் சட்டத்துக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் பண்ணையத்து ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தான். தோட்டத்தில் ஆட்டம் தொடங்கப்போகிறது, தப்பட்டையோடு உடனே வரச் சொன்னார்களாம். அந்த வேலிக்குள் அப்பா போகலாம், அவர் தப்பட்டை போகலாம். அப்பா தப்பட்டையை நெருப்பில் காய்ச்ச எழுந்தார்.

அம்மா வாசலுக்கு வந்தாள். பண்ணையத்திலிருந்து வரும் யாரையும் அவள் நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"ஊட்டுக்காரரு வரமாட்டாருங்க," என்றாள். "சொந்தக் கம்பத்துக்குச் சொந்தக்காரங்களே அடிச்சுக்கட்டுமுங்க."