எட்டு மணி என்றால் பத்து மணி

எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு குதிரைச் சேணம் இருக்கிறது. லண்டன் ஹரோவில், இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்தச் சேணம்தான். பிள்ளையார் படம் அதற்குப் பின்னால்தான். என் நண்பர் கணேசண்ணை முதன்முதலாக அதைப் பார்த்தபோது, "உதென்ன, புது எக்ஸர்சைஸ் மெசினோ?" என்று கேட்டார். மகளுடைய குதிரைக்குப் போடுகிற சேணம் என்று சொன்னேன். மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குதிரை மேலே நிற்கிறதோ என்று மாடியை எட்டிப் பார்த்தார்.

குதிரை மாடியில் இல்லை. மெற்றோபொலிற்றன் ரயில் போய் முடிகிற இடத்துக்கும் அப்பால், சில்டேர்ன் குன்றுகளுக்கு நடுவே ஒரு பண்ணையில் நிற்கிறது. என் மகள் துளசி கிழமை நாட்களில் ஆட்களின் கண்ணைப் பரிசோதிக்கிறாள். சனி ஞாயிறுகளில் குதிரை லத்தி அள்ளுகிறாள். அவள் சேர்ந்திருக்கும் கிளப்பில் கோட்டும் தொப்பியும் போட்டுக் கம்பம் தாண்டுகிற வேலை கிடையாது. அங்கே இருப்பவை 'ஸ்டொக் ஹோர்ஸ்', அதாவது மாடுகளைச் சாய்த்து ஓட்டும் வேலைக்குப் பழக்கிய குதிரைகள். குதிரையோடு மந்தைக்குள் புகுந்து ஒரேயொரு மாட்டைப் பிரித்தெடுத்து, அது மிரளாமல், நட்டிருக்கும் தடிகளைச் சுற்றி நடத்திக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைக்க வேண்டும். அதற்குப் புள்ளி போடுவார்கள். படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று திட்டித் திட்டிப் படிக்கவைக்கப்பட்ட பரம்பரை எங்களுடையது. என் பட்டதாரி மகள் கைக்காசு செலவழித்து மாடு மேய்க்கிறாள் என்பதை ஊரிலுள்ள என் தமக்கைக்கு இன்றுவரை நான் சரியாக விளங்கப்படுத்தவில்லை.

எனக்குத் தெரிந்த குதிரை ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர்க் கோயிலில் வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி ஏறிவருகிற மரக்குதிரை அது. கடிக்காது, உதைக்காது, வைக்கோல் கேட்காது. வருடத்தில் ஒருநாள் வெளியே வரும், அதுவும் ஆட்களின் தோளில். அப்படிப்பட்ட நான் ஒரு குதிரை விழாவுக்கு ஏற்பாட்டாளன் ஆனது துளசி விட்ட பெருமைப் புளுகால்.

அந்தக் கிளப் வருடத்துக்கொரு தடவை, கொலின் என்பவருடைய பண்ணை வயலில் ஒரு வார இறுதிக் கூட்டம் நடத்தும். சனிக்கிழமை மாடு பிரிக்கும் போட்டிகள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் குன்றுப் பாதைகளில் நீண்ட சவாரி. இரவில், குதிரை ஏற்றிவரும் வண்டிகளிலேயே படுக்கை. ஓய்வுபெற்ற மிருக வைத்தியரான ஜில் என்ற அம்மா நெடுங்காலமாக அதை நடத்திவந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் விலகப்போகிறேன், இந்தக் கூட்டம் முடியும்போது எனக்குப் பின்னால் யார் என்று சொல்வேன் என்று அறிவித்திருந்தார். துளசிக்கு அந்த இடத்தில் ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பேச்சு வந்தாலே அவள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். சேர்ந்த முதல் வருடத்தில் நிறத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் 'நீ யாருடைய நேர்ஸ்' என்று விசாரித்த கூட்டம் அது. போன வருடம், ஏற்பாடுகளைச் செய்துபார் என்று ஜில் அவளிடம் கொடுத்தபோது, "என் அப்பா அறுநூறு பேருக்கு விளையாட்டு விழா நடத்துகிறவர், அவர் உதவி செய்வார்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது பொய்யல்ல. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் குழுச் செயலாளர் நான்தான். கூடாரம், மைக், கோடு போடச் சுண்ணாம்பு, இரண்டு பேராவது வரட்டும் என்று நான்கு பிரதம விருந்தினர்கள், எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. துண்டுப் பிரசுரத்தை நானே எழுதி நானே அடித்தேன். கிளப்பிலுள்ள குதிரைக்காரருக்கெல்லாம், தூரத்தில் இருப்பவர்களுக்கும், அனுப்பினேன். கணேசண்ணை குடும்பம் உட்பட எங்கள் ஆட்களையும் அழைத்தேன். மாடுகள் வயலுக்கு வருவது பத்து மணிக்கு என்று கொலினோடு பேசி முடித்திருந்தேன். ஆகவே பிரசுரத்தில் வழக்கம்போல 'காலை எட்டு மணிக்கு ஆரம்பம்' என்று போட்டேன். துளசி படத்தைப் பார்த்தாள், குதிரை வடிவாக இருக்கிறது என்றாள். நேரத்தைப் பார்க்கவில்லை.

இதை வாசிக்கிற நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பத்துக்குத் தொடங்க வேண்டுமானால் எட்டு என்றுதான் போட வேண்டும். எட்டைப் பார்த்தவர்கள் ஒன்பதரைக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுவார்கள். இதை எங்களுடைய சோம்பல் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். சோம்பலும் உண்டுதான். ஆனால் எனக்கு ஞாபகத்தில் இருப்பது வேறு. ஊரில் சண்டைக்காலத்தில் என் தமக்கையின் கலியாணம் நடந்தபோது, அழைத்தவர்களில் பாதிப்பேர் வழியில் மறிபட்டு நின்றார்கள். பாதை திறந்ததும் சிலர் பின்னேரம் வந்தார்கள், சிலர் மறுநாள் வந்தார்கள். எங்களைப் பெற்ற ஐயா வாசலிலேயே நின்றார். வந்த ஒருவரிடமும் ஏன் பிந்தினீர்கள் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இலை போட்டார். வந்து சேர்ந்ததே பெரிய விசயமாக இருந்த ஊரில் மணிக்கூட்டைக் காட்டிக் கதைப்பது மரியாதையாக இருக்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. பழக்கம் மட்டும் விசா எடுக்காமல் எங்களோடு வந்து லண்டனில் குடியேறிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலை நான் முகத்தில் சவர நுரையோடு நின்றேன். என் மனைவி பவானி கீழே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே பண்ணைக்குப் போய்விட்ட துளசி அங்கே தொழுவத்தில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஜில் தொலைபேசியில் வந்தார்.

"நாங்கள் வந்துவிட்டோம். பண்ணைக் கேற் பூட்டியிருக்கிறது. துளசி போன் எடுக்கவில்லை."

"எந்த நாங்கள்?"

"எல்லோரும்."

மணி ஏழுகூட ஆகவில்லை. குதிரையை இறக்க வேண்டும், சேணம் கட்ட வேண்டும், உடம்பு சூடாக நடத்த வேண்டும்; எட்டு மணிப் போட்டிக்கு இவர்கள் ஆறரைக்கே வந்து நிற்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலர் விடியமுன்னரே வீட்டிலிருந்து புறப்பட்டிருக்கிறார்கள்.

"ஆனால் பத்து மணிக்குத்தானே தொடக்கம்," என்றேன்.

"நீங்கள் எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம். பத்துக்குத் தொடங்குவதற்காக."

"பத்து என்றே எழுதியிருக்கலாமே?"

"எழுதினால் பன்னிரண்டுக்கு வருவார்கள்."

மறுமுனையில் குதிரை ஒன்று செருமியது. பிறகு ஜில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "யார்?"

போனை வைத்தேன். நுரையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். பவானி ரோல்ஸ் தட்டுகளை மடியில் வைத்தபடி காரில் ஏறினாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையின்ர மானம் போகப்போகுது," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு சொன்னவற்றை நான் இங்கே எழுதவில்லை.

பண்ணைக்குப் போகிற ஒழுங்கை ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. இரு பக்கமும் வேலி. அதில் குதிரை வண்டிகள் வாலும் தலையுமாக நின்றன. கடைசி வண்டிக்குப் பின்னால் மூன்று வான்கள் நின்றன. அவை எனக்கு நன்றாகத் தெரிந்த வான்கள். முதலாவதின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கணேசண்ணை கையை ஆட்டினார். வேட்டிக்குப் பதிலாகக் கோட்டும், கோட்டுப் பையில் அவருடைய சொந்த மைக்கும்.

"என்னண்ணை, நீங்களுமோ?" என்றேன்.

"வெள்ளையளின்ர விழா எண்டபடியால் நேரத்துக்கு வெளிக்கிட்டம். எங்கட ஆக்களுக்கு நேரம் தெரியாது எண்டு அவையள் சொல்லக்கூடாது எல்லோ?"

முப்பது வருட லண்டன் வாழ்க்கையில் எங்கள் ஆட்கள் ஒரு நிகழ்ச்சிக்கு எட்டுக்கு முன்னர் வந்தது அன்றுதான். அந்த ஒருநாளையும் நான் பாழாக்கினேன்.

கொலின் மாடு ஏற்றப் போயிருந்தார். துளசி தொழுவத்திலிருந்து குறுக்கு வழியாக ஓடிவந்து அப்போதுதான் கேற்றைத் திறந்துவிட்டிருந்தாள். வயலில் குதிரைகள் இறங்கின, மாடுகள் இல்லை, தடிகள் நடப்படவில்லை, மழை வேறு தூறத் தொடங்கியது. ஏறக்குறைய முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆங்கிலேயர் சத்தம் போட்டால் தாங்கிக்கொள்ளலாம். அவர்கள் மாறிமாறி மணிக்கூட்டைப் பார்ப்பதுதான் தாங்காது. உயரமான ஒருவர் பிரசுரத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த நேரத்தைப் போட்டது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றாள் துளசி. "என்னுடைய பிழை. மன்னிக்க வேண்டும்."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற நிலையிலேயே, மாடுகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நாளைய குன்றுச் சவாரியை இப்போதே போகலாம், பாதை முழுக்க நாடா கட்டியாகிவிட்டது, திரும்பிவந்ததும் போட்டி, நாளைக்கு அவசரமில்லாமல் ஆறுதலாக இறுதிச் சுற்று என்று சொன்னாள். சொல்லும்போது ஒரு கையைப் பக்கத்தில் நின்ற குதிரையின் பிடரிமயிருக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு உள்ளேயே பெருமையும் இருந்தது. அவள் ஆசைப்பட்ட இடத்தை என் கையாலேயே தட்டிவிட்டேன் என்ற பயம் இரண்டையும்விடப் பெரிதாக இருந்தது.

அவர்கள் யோசித்தார்கள். அந்த இடைவெளியில் பவானி ரோல்ஸ் தட்டோடு குதிரைகளுக்கு நடுவே இறங்கிவிட்டாள். குதிரைக்குக் கிட்டப் போகாதே என்று பத்து வருடமாக மகளுக்குச் சொல்லிவந்தவள், சேணத்தில் இருந்தவர்களுக்கு அண்ணாந்து நீட்டி நீட்டிக் கொடுத்தாள். உயரமான மனிதர் ஒன்றைக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்றை எடுத்துக்கொண்டார். எல்லோரும் சவாரிக்குப் போனார்கள்.

அவர்கள் திரும்பிவந்தபோது மாடுகள் வந்திருந்தன, தடிகள் நடப்பட்டிருந்தன. கணேசண்ணையும் வான்காரர்களும் அவற்றை அடித்து இறக்கியிருந்தார்கள். போட்டியை அறிவிக்க அண்ணை மைக்கை எடுத்தார். மாடு மிரளும், சத்தம் கூடாது என்று ஜில் சொன்னார். அண்ணை ஒரு கணம் வாடிப்போனார். பிறகு அன்று முழுவதும் போட்டியாளர் பெயர்களைக் கோயிலில் மந்திரம் சொல்வதுபோல மைக்கில் குசுகுசுத்தார். தன் பெயரை அவ்வளவு பக்தியோடு யாரும் சொன்னதில்லை என்று ஒரு பெண் வந்து நன்றி சொன்னாள்.

பின்னேரம் வண்டியின் படியில் இருந்துகொண்டு சப்பாத்துச் சேற்றைச் சுரண்டியபடி துளசி கேட்டாள்: "அப்பா, எட்டெண்டா அவையள் எட்டுக்கு வருவினம் எண்டு உங்களுக்குத் தெரியாதே? நீங்கள் வேர்க்குக்கு ஒருநாளும் லேட்டாப் போனதில்லை."

அது உண்மை. கவுன்சில் வேலைக்கு நான் ஒருநாளும் பிந்தியதில்லை. ஆனால் விழா என்று எழுத உட்கார்ந்ததும் என் கைக்கு வேறு மணிக்கூடு வந்துவிடுகிறது. அதை அவளுக்குச் சொல்லத் தெரியாமல், "பிழைதான் பிள்ளை," என்றேன். அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்புக்கு முன் ஜில் என் பக்கத்தில் வந்து தேநீரோடு நின்றார். "அந்த நேரத்தைப் போட்டது அவள் இல்லை," என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். "உங்கள் மகள் முகம் மாறாமல் பொய் சொல்கிறாள். முப்பது குதிரைக்காரரைக் கட்டி மேய்க்க அது கட்டாயம் வேண்டும்." தேநீரை முடித்துவிட்டுப் போய்த் துளசியின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கணேசண்ணை தடையையெல்லாம் மறந்து மைக்கில் உரத்துச் சொல்ல, ஒரு மாடு வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அதைப் பிடித்துவர ஒரு மணித்தியாலம் ஆனது. நான் ஒரு மூலையில் நின்று அழுதேன். பவானி மட்டும் கண்டாள்.

இந்த வருடம் துளசியே எல்லாவற்றையும் செய்தாள். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'பத்து மணி' என்று செய்தி வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடக் குழுவில் அதே படம், அதே குதிரை, 'எட்டு மணி' என்று வந்தது. நான் இரண்டு குழுவிலும் இருக்கிறேன். எனக்கு இரண்டும் வந்தன.

"பிள்ளை, நான் எத்தினைக்கு வாறது?" என்று கேட்டேன்.

"யூ டிசைட், அப்பா," என்று சிரித்தாள்.

தீர்மானிக்க முடியாமல் எட்டுக்கே போய்விட்டேன். துளசி மேலே தொழுவத்தில் இருந்தாள். வயலில் ஒருவரும் இல்லை. மடக்குக் கதிரையை விரித்து ஈரப் புல்லில் இருந்தேன். குதிரைக்காரருக்கு அது அதிகாலை மாதிரி. எங்கள் ஆட்களுக்கு நடுச்சாமம் மாதிரி. வெகுநேரம் கழித்து ஒழுங்கைத் திருப்பத்தில் ஜில்லின் வண்டி தெரிந்தது. எழுந்து கேற்றைத் திறக்கப் போனபோது தொலைபேசி அடித்தது. கணேசண்ணை.

"ராசன், வெளிக்கிட்டியளோ? நாங்கள் இன்னும் குளிக்கேல்லை."

அவர் பிந்திவிட்டதாக நினைக்கக்கூடாது.

"இல்லை அண்ணை, ஆறுதலா வாங்கோ," என்றேன். "நானும் இப்பதான் குளிக்கப் போறன்."

சொல்லிக்கொண்டே மற்றக் கையால் கேற்றை அகலத் திறந்து, ஜில்லுக்குத் தலையசைத்தேன்.