அக்பெகோவின் மணி

அக்பெகோவை நான் முதலில் பார்த்தது கானா நாட்டின் கேட்டா கடற்கரையில், ஒரு சாவு வீட்டு வாசலில். இரண்டு பெஞ்சுகளைத் தலையில் சுமந்தபடி மேளக்காரர்களுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார். வலை பின்னுவது தொழில். அப்போது வயது நாற்பத்தாறு. பதினோரு வருடமாக மேளக் குழுவுக்குப் பெஞ்சு சுமப்பவர் அவர்தான். வாசிக்க உட்காருங்கள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

குச்சியால் இரும்பு மணியைத் தட்டிக் குழுவுக்குத் தாளம் பிடித்துவந்த மணிக்காரர் பக்கத்து நாட்டு லோமே நகருக்குக் குடிபோனதும், அந்த இடத்தைக் கேட்டார். கேட்டது தலைமை மேளக்காரன் செலோமிடம். சொந்த அக்காள் மகன்.

"சும்மா இரும்பைத் தட்டுற வேலைன்னு நெனச்சீங்களா மாமா? மணியோட நடை அசைஞ்சா மொத்தக் கூட்டமும் கவுந்துரும்."

"தட்டிக் காட்டுறேன். அப்புறம் பேசுடா."

தனியாகத் தட்டும்போது பிசகே இல்லை. செலோமின் பெரிய மேளம் சேர்ந்ததும் கை அதன் பின்னால் ஓடிவிடும். செலோம் வேண்டுமென்றே குறுக்கே அடித்து இழுப்பான், இவரும் போய்விடுவார்.

"என் பின்னாடி வராதீங்க! நாங்கதான் உங்க பின்னாடி வரணும். சனிக்கிழமைக்குள்ள பிடிபடலேன்னா பக்கத்தூர் ஆளைக் கூப்பிட்டுருவேன்."

தட்டுகளை மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். எண்ணினால் இன்னும் மோசமானது. கிலுக்கை ஆட்டும் எனியோனம்தான் பொறுக்காமல் சொன்னாள்: "உக்காந்தே இருந்தா எப்படி அண்ணே வரும்? எந்திரிச்சு எங்களோட ஆடுங்க."

மணியும் கையுமாகப் பெண்கள் வரிசையில் நின்று ஆடினார். அந்த ஆட்டம் முழுக்க முதுகில்தான் இருக்கிறது.

"முதுகா அது? கருவாடு மாதிரி வெறச்சிக்கிட்டு நிக்குது!"

பெண்களின் சிரிப்பை வாங்கிக்கொண்டே ஆடினார். மூன்றாம் நாள் மாலை, தோள்பட்டை அசைந்த அசைவில் கை தானாக மணியில் விழுந்தது.

பக்கத்தூர் ஆளைச் செலோம் கூப்பிடவில்லை. சனிக்கிழமை சாவுக்கு நல்ல கூட்டம். வாசிப்பை மெச்சிச் செலோமின் நெற்றி வியர்வையைப் பெண்கள் போட்டி போட்டுத் துடைத்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை, வேகம் பிடித்தான். சிறு மேளங்களும் கூடவே ஓடின. ஆடியவர்கள் கால் தடுமாறினார்கள். அக்பெகோவின் கையும் பின்னால் ஓடப் பார்த்தது. கூட ஓடினால் பழைய தப்பு. ஓடாவிட்டால் ஊரறியத் தலைவனை எதிர்த்ததாகும்.

எனியோனத்தின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, பழைய நடையிலேயே தட்டினார். முதலில் அவளுடைய கிலுக்கு அவர் நடைக்குத் திரும்பியது, பிறகு சிறு மேளங்கள். தனியே நின்ற பெரிய மேளமும் வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தது.

முடிந்ததும் செலோம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எல்லார் முன்னாடியும் என்னை இழுத்து வச்சுட்டீங்களே!"

"நான் எங்கடா இழுத்தேன்? இருந்த எடத்துலயே இருந்தேன்."

மேளக் குச்சிகளைத் துண்டில் சுருட்டினான். "அடுத்த வாரம் சீக்கிரம் வந்துருங்க மாமா" என்றான்.

அக்பெகோவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. வார நாட்களில் வலை பின்னுகிறார்; சனிக்கிழமைகளில் அந்தக் குழுவுக்கு மணி வாசிக்கிறார்.