உதடு மரத்த மதியம்

எங்கள் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நான் டாக்டரம்மா. பனியன் துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று ட்யூப்லைட்டுக்குக் கீழே தூக்கிப் பிடித்துப் பார்க்கிற வேலைக்கு டாக்டர் எதற்கு என்று அங்கே யாரும் கேட்டதில்லை. டீ நேரத்தில் மட்டும் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார்கள். "டாக்டரம்மா, இந்தப் பல்லு ராத்திரி பூரா விண்ணு விண்ணுன்னு தெறிக்கி, என்னன்னு பாருங்களேன்" என்பார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்ப்பேன். வேரில் சீழ் பிடித்திருக்கிறது, இன்றைக்கே பல் டாக்டரிடம் போங்கள் என்பேன். அவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நான் மறுபடியும் துணியை எடுத்துக்கொள்வேன்.

பல் மருத்துவம் படித்தவள்தான் நான். கல்யாணமான புதிதில் எங்கள் ஊர் ராயபுரத்தில் ஓர் அறை பிடித்துக் கிளினிக் நடத்தினேன். நன்றாகவே ஓடியது. கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் படுக்கையில் விழுந்தபோது செக்கிங்கையும் பேக்கிங்கையும் நம்பி விட ஆள் இல்லை. "ரெண்டு மாசம் மட்டும் பாத்துக்கம்மா, அப்பறம் உன்ற கிளினிக்கப் பாத்துக்கலாம்" என்றார் என் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ரெண்டு மாசம் என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினோரு வருடம் போய்விட்டது. என் கிளினிக் நாற்காலி நல்லூர் குடோனில் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. என் மாமியாருக்கு மட்டும் இதில் ஒரு குறையும் இல்லை. எந்த ஒரம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "எம்மருமவ டாக்டருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். சொந்தக்காரர்கள் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் போடாமல் விட்டால் அந்தக் கல்யாணத்துக்கே போக மாட்டார்.

பதிவை மட்டும் நான் விடவில்லை. பல் மருத்துவராகப் பெயர் நிலைக்க வேண்டுமானால் தொடர்கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். வருடா வருடம் ஏதாவது ஒரு ஓட்டலில், குளிரூட்டிய கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவேன். திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வரும். ஊசியைத் தொடாத கைக்கு என்னத்துக்குப் புள்ளி?

அதனால்தான் போன மே மாதம் அந்தக் கோடை முகாமில் சேர்ந்தேன். உடுமலைக்கு அக்கட்டால, திருமூர்த்தி மலை அடிவாரத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள். பொதுப் பல் மருத்துவர்களுக்கு மட்டும். குடும்பத்தோடு வரலாம். முதல் நாள் பாடமே கீழ்த்தாடை நரம்புக்குப் போடும் மரப்பு ஊசி. பேச்சோடு நிற்காது, ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவர் வாயில் ஒருவர் போட வேண்டும். அறிவிப்பில் அதைப் படித்துவிட்டுத் தெரிந்தேதான் பணம் கட்டினேன். மனசுக்குள் ஒரு முடிவு வைத்திருந்தேன். ஊசி போட்டு உதடு மரத்தால் நான் இன்னும் டாக்டர். மரக்காவிட்டால் பதிவை இனிமேல் புதுப்பிப்பதில்லை. செத்தாலும் செக்கிங் டேபிள்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சும்மா புள்ளிக்கு என்று சொன்னேன்.

அவர்தான் காரை ஓட்டி வந்தார். பல்லடம் தாண்டியதிலிருந்து காற்றாலைகள் ஆரம்பித்துவிட்டன. பருவக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை; அடிக்கிற காற்றில் ஈரம் மட்டும் இருந்தது. சோளக்காட்டுக்கு நடுவில் அந்தப் பெரிய இறக்கைகள் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஷிப்மெண்ட், கார்கோ, பெண்டிங் என்று அவர் போனில் கத்திக்கொண்டே வர, நான் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏதோ ஒரு கட்டத்தில் அவர் குரல் என் காதில் விழுவது நின்றுபோயிற்று. விடுதி வந்து கார் நின்ற பிறகுதான் நான் தூங்கவில்லை, விழித்துத்தான் இருந்தேன் என்று தெரிந்தது.

என்னோடு ஜோடி சேர்த்துவிட்டது பல்லடத்தில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணை. கண்ணுக்கு லட்சணமான பிள்ளை. "நீங்க எங்கீங்க்கா பிராக்டிஸ் பண்றீங்க?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். பார்த்தால் அந்தப் பக்கம் மூன்று பேராக ஒரு ஜோடியில் நிற்கிறாள். "எனக்கு லோ பிபிங்க்கா, அதான்" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பேன்.

பாடம் எடுக்க வந்தவர் சென்னைக்காரர். தங்கமான மனிதர்தான், ஆனால் எனக்கு அன்றைக்கு அவரைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது. ஒரு பிளாஸ்டிக் தாடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மேடம் இப்ப ஃபீல்டுல இல்லாததால, நீங்க இதுல போட்டுப் பாருங்களேன்" என்றார். பிளாஸ்டிக்குக்கு எங்கே உதடு மரக்கும்? ரப்பர் ஈறில் ஊசியைக் குத்தினேன். பலூனில் குத்தினாலும் அதே உணர்ச்சிதான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காபி எடுக்க உள்ளே வந்த கணவர் இதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, எல்லாரும் ஆளுக்குப் போடறாங்க, நீ மட்டும் பொம்மைக்குப் போடற?"

நான் பதில் சொல்வதற்குள் சென்னைக்காரர் மிக மரியாதையாக விளக்கினார். மேடம் பிராக்டிஸில் இல்லை, ஊசி தொட்டு ரொம்ப நாளாகிறது, அதனால் யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான் சார் என்றார்.

என் கணவரின் காது மடல் சிவந்தது. அது எனக்குத் தெரிந்த சிவப்பு. அனுப்பிய சரக்கில் எவனாவது குறை சொன்னால் வருகிற சிவப்பு. "எங்கூட்டுல டாக்டருங்க சார்" என்றார். "யாரும் உக்கார வேண்டாமுங்க. நான் உக்கார்றேன்."

ஊசி என்றால் காய்ச்சலுக்குக்கூட ஓடி ஒளிகிற மனுஷன் அவர். ரோஷத்தில் சொல்லிவிட்டாரே ஒழிய, நாற்காலியில் சாய்ந்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். சென்னைக்காரர் என் பக்கத்திலேயே நின்றார். "நல்லாப் பாத்துப் போடு கண்ணு" என்றார் என் கணவர். பதினாறு வருட வாழ்க்கையில் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. பயத்தில் வந்ததுதான், இருந்தாலும் நான் எடுத்துக்கொண்டேன்.

இடது கட்டைவிரலை அவர் வாய்க்குள் விட்டு, கடைவாய்க்குப் பின்னால் தாடை எலும்பு வளைகிற இடத்தைத் தேடினேன். என் மூளைக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. விரல் தானாகவே போய் அந்தக் குழிவில் உட்கார்ந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஊசி சாய்ந்து போயிற்று. சதை விலகியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பிறகு எலும்பு மெதுவாகத் தட்டியது. ஊசியை ஒரு துளி பின்னுக்கு வாங்கி, பிஸ்டனை இழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்து, மருந்தை விட ஆரம்பித்தேன். அவசரப்படாமல் விட வேண்டும். கூடத்தில் அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு சத்தமும் இல்லை. சன்னலுக்கு வெளியே தென்னை மட்டைகள் ஒரே பக்கமாக வளைந்து வளைந்து நிமிர்ந்தன. நான் ராயபுரத்தில் இருந்தேன், இங்கேயும் இருந்தேன். ஊசியை வெளியே எடுத்தபோதுதான் மூச்சு விட்டேன்.

பிறகு காத்திருப்பு. சரியான இடத்தில் மருந்து இறங்கியிருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் கீழுதடு மரக்க வேண்டும்.

"எப்படிங்க இருக்குது?"

"ஒண்ணுந் தெரியலியே."

பக்கத்து நாற்காலிகளில் ஒவ்வொருவராக உதட்டைக் கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் தாடை மேஜை மேலே வாயைப் பிளந்து கிடந்தது. சரி, முடிந்தது கதை என்று கையுறையைக் கழற்றப் போனேன்.

"ஏம்மா," அவர் உதட்டைத் தொட்டார், மறுபடியும் தொட்டார். "என்ற ஒதடு வீங்கிப்போச்சா? கண்ணாடி இருந்தாக் குடு."

வீங்கவில்லை. மரத்த உதடு வீங்கினமாதிரிதான் இருக்கும். ராயபுரத்தில் ஒருத்தர் விடாமல் இதையேதான் கேட்பார்கள். சென்னைக்காரர் ஒரு கருவியின் நுனியால் ஈறைக் குத்திப் பார்த்துவிட்டு, "பர்ஃபெக்ட் மேடம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையுறையோடு முகத்தைத் துடைக்க முடியாமல், அத்தனை பேர் முன்னால் அப்படியே நின்று அழுதேன். சந்தோஷம்தான்.

அதற்கடுத்து வந்தது ஒரு கூத்து. ஊசி போட்ட வாயோடு சாப்பிடாதீர்கள் என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிற கூட்டம், மதியச் சாப்பாட்டை அந்த வகுப்புக்கு அடுத்தபடியாக வைத்திருந்தது. கல்யாணப் பந்தி மாதிரி இலை போட்டுவிட்டார்கள். நாற்பது டாக்டர்களும் பாதி வாயால் ரசம் குடித்தார்கள். ரசம் தாடை வழியாகச் சட்டையில் இறங்கியது. லோ பிபி பெண் தன் உதட்டையே கடித்துக்கொண்டு, கடித்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள். என் கணவர் கைக்குட்டையைத் தாடைக்கு அணை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. எடுத்து ஏதோ சொன்னார். பாதி நாக்கும் மரத்திருந்ததால் எல்லாம் கொழகொழவென்று வந்தது. எதிர்முனையில் மேனேஜர், "சார், உடம்புக்கு ஏதாச்சுங்களா? எங்க இருக்கீங்க?" என்று பதறுவது எனக்கே கேட்டது. அவர் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த போன் அணைந்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டு பேரும் தோப்புக்குள் நடந்தோம். மலைப்பக்கம் மேகம் இறங்கி நின்றது. தோப்பு முடிகிற இடத்தில் வரப்பு, அதற்கப்பால் காற்றாலைகள். மட்டைகளின் இரைச்சலில் உலகத்தில் வேறு சத்தமே இல்லை. சாரல் முகத்தில் பட்டது, பட்டதா என்று தொட்டுப் பார்த்தால் ஈரம் இல்லை. அவர் ஏதோ பேச வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க," என்றேன். "நாக்கக் கடிச்சுக்குவீங்க."

டாக்டர் சொன்னதால் வாயை மூடிக்கொண்டார். நான் பேசினேன். அவரிடம் நான் ஏதாவது சொன்னால் நடுவில் போன் வரும், இல்லாவிட்டால் அவரிடமிருந்து உடனே ஒரு பதில் வரும். அன்றைக்கு இரண்டும் இல்லை. செக்கிங் டேபிளில் அந்த அக்கா என்னைப் பார்க்கிற பார்வையைச் சொன்னேன். பத்திரிகையில் மட்டும் டாக்டராக இருப்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னேன். "உங்க மேல எனக்குக் கோவமுங்க. நீங்க நல்லவரா இருக்கறதால அதைக் காட்டவும் முடியல" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எவ்வளவு நேரம் நடந்தோமோ தெரியாது. மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தபோது காற்றாலை இறக்கையின் நிழல் எங்கள் மேலே வந்து போயிற்று, வந்து போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக இத்தனையும் சொல்ல ஆரம்பித்தேனோ அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை.

திரும்பி வந்தபோது வராண்டாவில் டீயும் முறுக்கும் வைத்திருந்தார்கள். மூலையில் இரண்டு நாற்காலி பார்த்து உட்கார்ந்தோம். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முறுக்கை எடுத்து நான் ஊசி போட்ட அதே பக்கத்தில் வைத்து நறுக்கென்று கடித்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. மரப்பு விட்டுப் போயிற்று. இனி பேசுவார். இன்னும் ரெண்டு மாசம் என்பார், அதுவும் எனக்குத் தெரியும்.

"மரப்புப் போயிருச்சுங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் உதட்டைத் தடவிப் பார்த்தார். தோப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா, இன்னும் அப்படியேதான் இருக்குது," என்றார், ஓர் எழுத்துக்கூடக் குழறாமல். "எனக்குப் பேச வராது. நீ சொல்லு."

"திங்கக்கெழமையிலிருந்து நான் கம்பெனிக்கு வரலீங்க," என்றேன்.

அவர் முறுக்கை மென்று முடித்தார். பிறகு தலையை ஆட்டினார்.