வராத அம்மனுக்கு மாவிளக்கு

கால் கட்டைவிரல் வீங்கியபோது, யூரிக் ஆசிட் என்றார் டாக்டர். முன்பெல்லாம் ராஜாக்களுக்கு வந்த வியாதியாம். செம்பட்டியில் உரக்கடை வைத்திருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விரலை நீட்டிக் காட்டினேன். எழுதித் தந்த புது மாத்திரையைப் பிரசாதம்போல விழுங்கிவந்தேன்.

சில வாரத்தில் காய்ச்சல். கண் சிவந்தது, வாயெல்லாம் புண், நெஞ்சில் செம்புள்ளிகள். என் மனைவி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஆத்தா வந்திருக்கா. இனி மாத்திரை, ஊசி ஒண்ணும் ஆகாது."

வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. சமையலில் தாளிப்பு நின்றது. மாத்திரை அட்டை சாக்கடைக்குப் போனது.

"படிச்சவ செய்ற வேலையா இது?" என்று முனகினேன். அவள் பி.ஏ.; நான் பத்தாவதில் தவறியவன்.

மறுநாள் வேப்பங்கொத்தால் முதுகை வருடினாள். இலையோடு தோலும் வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"அம்மை இப்பிடித் தோல உரிக்காதுங்க. கெளம்புங்க."

வாடகைக் காரில் திண்டுக்கல் போனோம். பெரிய டாக்டர் என் வாயையும் கண்ணையும் பார்த்துவிட்டு, "புதுசா ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாரா?" என்றார். விவரம் சொன்னோம். அந்த மாத்திரை எங்கோ ஒருத்தருக்குத்தான் இப்படிச் செய்யுமாம். ராஜ வியாதிக்காரனுக்குச் சாதாரண ஒவ்வாமையா வரும்?

"இன்னும் போடுறாரா?"

மனைவி தலைகுனிந்தாள். "அம்மைன்னு நெனச்சு நேத்தே சாக்கடையில போட்டுட்டேன் சார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்லதாப் போச்சு. தொடர்ந்து போட்டிருந்தா கண்ணு போயிருக்கும், உசுருகூடப் போயிருக்கும். ஆனா நேத்தே கூட்டியாராம வேப்பிலை கட்டிட்டிருந்தீங்களே, அதுக்கு உங்களத் திட்டணும்."

திட்டவும் செய்தார். அன்றே மதுரைக்கு அனுப்பினார். அங்கே தீக்காய வார்டில், தீயையே பார்க்காமல் வெந்தவனாகக் கிடந்தேன். கண்ணில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. மெல்லப் புதுத்தோல் வந்தது. சட்டை உரித்த பாம்புகூட என்னளவு அலட்டியிருக்காது.

வீடு திரும்பிய வாரமே மனைவி மாவு இடித்தாள்.

"வராத ஆத்தாவுக்கு எதுக்குடி மாவிளக்கு?"

"வராமலே இம்புட்டுச் செஞ்சிருக்காளே. பேசாமத் தட்டப் பிடிங்க."

பிடித்தேன். சுடர் ஒன்றாகத்தான் தெரிந்தது, கலங்காமல். பிறகு வெல்லமாவைக் கிள்ளி வாயில் போட்டேன். எங்கும் எரியவில்லை. இன்னொரு கிள்ளு எடுத்தேன்.