குண்டுக் கூட்டில் வைத்த பூ

போர்க்காலச் சிப்பாய்கள் மறுமுத்திரை குத்திய காசுகளையும், வெடித்து ஓய்ந்த குண்டுகளின் பித்தளைக் கூடுகளைக் கொண்டு அவர்கள் செய்த பொருள்களையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். மன்னரின் முகத்தின்மேல் ஆணியால் குத்திய ஓர் எழுத்து, ஒரு பிறை, பாதியில் நின்றுபோன ஒரு பெயர். அந்தத் தழும்புகளை விரலால் தடவும்போது, பாடியவர் பெயர் தெரியாத பழம்பாட்டொன்றை ஓதுவது போலிருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு காலை, பதிகம் ஓதி எழுந்த வேளையில், கடலுக்கு அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு மூதாட்டி தம் மருமகனுடன் வந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பழங்காசு விற்கும் என் நண்பர் அனுப்பிவைத்திருந்தார். அம்மையார் துண்டை அவிழ்த்து, புளியிட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னிறம் ஏறிய பூச்சாடி ஒன்றை என்முன் வைத்தார். போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவன், படைமுகாமில் சமைத்துக்கொண்டிருந்த அவர் தந்தைக்குக் கொடுத்துச் சென்றதாம். அன்று முதல் அவர்கள் பூசையறையில் பூ வைத்தது அதில்தான்.

மருமகன் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் உலோகம் கடைபவர். தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது அதன் அடியைப் பார்த்து, இது பீரங்கிக் குண்டின் கூடு என்று சொல்லிவிட்டார். அன்றே சாடி பூசையறையைவிட்டுக் கொல்லைக் குழாயடிக்குப் போயிற்று. வேறு செம்பில் பூ வைக்கவும் அம்மையாருக்கு மனம் வரவில்லை. படங்கள் பூவின்றியே இருந்தன.

"ஆளக் கொன்ன சாமான்ல வச்ச பூவ சாமி எடுத்துக்கிட்டிருக்குமாண்ணே?" என்றார். "வீட்ல வச்சுக்கப் பயமா இருக்கு. நீங்களே வச்சுக்கங்க."

அத்தகைய சாடி என்னிடம் இல்லை. ஆசை எழத்தான் செய்தது. தன்னைக் கொல்லும்படி முனிவர்கள் ஏவிய மழுவையும் நெருப்பையும் கையணியாக ஏந்திக்கொண்டவன் எம்பெருமான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதெல்லாம் அவர் அறியாததன்று. அவர் கேட்டது இந்தச் சாடியைப் பற்றி. எனவே அதையே கையிலெடுத்துப் பார்த்தேன்.

சாடியைச் செய்தவன் வாய் விளிம்பை இதழ் இதழாக வெட்டி, கை கிழியாதபடி ஒவ்வொன்றையும் வெளிப்புறம் மடித்திருந்தான். இத்தகைய கூட்டின் அடியில், வெடிமருந்துக்குத் தீ செல்லும் துளையொன்று இருக்கும். அதை ஒரு செப்புக்காசால் மூடி, ஈயம் பற்றவைத்திருந்தான். காசின்மேல் ஏதோ மறுமுத்திரை. புளி அதைத் தின்றுவிட்டிருந்தது.

"எங்கிட்ட இருக்கறதுல பாதி சிகரெட் சாம்பல் தட்டுதான், அக்கா. இவன் பூ வைக்கத்தான் செஞ்சிருக்கான். உள்ள தண்ணி நிக்கணும்னு, நெருப்புப் போன ஓட்டையக் காசு வச்சு அடைச்சிருக்கான் பாருங்க," என்றேன்.

அம்மையார் சாடியைக் கவிழ்த்து நெடுநேரம் பார்த்தார். "அது லெட்சுமிக்கு வச்ச காசுன்னுல நெனச்சோம்." வெள்ளிதோறும் துலக்கியபின், முதலில் அந்தக் காசுக்குத்தான் குங்குமம் இடுவார்களாம்.

"வெடிக்கிற எடத்துக்கே பொட்டு வச்சிருக்கீங்க அத்தை," என்றார் மருமகன்.

"நீ வாய மூடுலா," என்றார் அவர். வந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார்.

பிறகு சமையலறைக்குத் தாமே சென்று சாடியில் நீர் நிரப்பி வந்தார். மேசைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தார். மூவரும் தேநீர் அருந்தி முடிக்கும்வரை அவர் பார்வை அதைவிட்டு அகலவில்லை. தூக்கிப் பார்த்தபோது தாள் நனையாமல் இருந்தது.

என் வாசலில் பூத்திருந்த செம்பருத்தியைப் பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பறித்து, அதிலேயே வைத்து, நிறைந்த நீரோடு மடியில் ஏந்திக் காடியின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். கடற்பாலத்தில் போகும்போது தண்ணீர் சிந்தும், இருக்கையெல்லாம் நனையும் என்றார் மருமகன்.

"மெதுவா ஓட்டு," என்றார் அத்தை.