வேம்பாரில் சன்னல் இல்லாத ஒரு சுவர்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தூத்துக்குடியில் வேம்பார் பேருந்தில் ஏறினோம், நானும் என் நான்கு வயது மகள் நிலாவும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். எனக்கு நாற்பத்தைந்து ரூபாய், அவளுக்கு டிக்கெட் இல்லை. பையில் தண்ணீர், இட்லி, தொப்பி, காய்ச்சல் மருந்து, மாற்றுடைகள். "ஒரு நாளைக்குத்தானே போறே?" என்று கணவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார். தருவைகுளத்து உப்பளங்கள் பின்னால் போகும்வரை, பிள்ளையை இந்த வெயிலில் கூட்டிவந்தது சரிதானா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னை அழைத்தவள் கல்லூரித் தோழி மெர்லின். வேம்பார் கடற்கரையில் ஊரார் நடத்தும் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். "சனிக்கிழமை வாளா. என் சன்னல் தங்குமா போகுமான்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

நிறுத்தத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். "நூலகமா? வெள்ளச் சுவருன்னு சொல்லுங்க" என்றார் ஓட்டுநர்.

வெள்ளைச் சுவர்தான். இரண்டு மாடி உயரம், கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு காலத்தில் சங்கு வியாபாரி ஒருவர் சரக்கு வைக்கக் கட்டிய கிட்டங்கி என்றாள் மெர்லின். கடற்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் குழைத்து எழுப்பியது. கரைப்பக்கமாக யாரும் ஏறிக் குதித்துவிடக் கூடாதென்று அந்தப் பக்கம் ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. சங்கு வியாபாரம் படுத்த பிறகு கொஞ்ச காலம் ரேஷன் அரிசி கிடந்திருக்கிறது. பிறகு அந்தக் குடும்பம் கட்டிடத்தை ஊருக்கே எழுதிக் கொடுக்க, நூலகமாயிற்று.

சங்குக்குக் காற்று தேவையில்லை, பிள்ளைகளுக்குத் தேவை. குழந்தைகள் பகுதி இருக்கும் மாடியில் கால் வைத்ததும் நிலாவின் கழுத்து வியர்த்துவிட்டது. வேர்க்குரு வந்துவிடுமோ என்று ஈரத்துணியை எடுத்தேன். பள்ளி விட்டதும் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனதால், கடல் சுவரில் ஒரு சன்னல் திறக்க மெர்லின் ஊர்க் கூட்டத்தில் கேட்டிருக்கிறாள். கடலுக்குப் போகிறவர்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள்.

காரணத்தைச் சொன்னது பிரகாசி அக்கா. நூலகத்தைப் பெருக்கித் துடைப்பவர். அவர் கணவர் சேவியர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டைப் 'பார்' என்கிறார்கள். கடலிலிருந்து பார்க்கும்போது கோயில் கோபுரமும் இந்தச் சுவரும் எங்கே ஒன்றுக்கு நேர் ஒன்றாக வருகின்றனவோ, அங்கே பார் இருக்கிறது. கரையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் சன்னல் உண்டு. முழுசாக வெள்ளையாகத் தெரிவது இது ஒன்றுதான்.

"இப்பதான் ஜிபிஎஸ் இருக்கே அக்கா?"

"இருக்கு. பேட்டரி செத்தா அதயா கும்பிடச் சொல்லுதீய?"

கடைசியில் மெர்லின் ஒரு வழி சொன்னாளாம். வள்ளங்கள் விடியுமுன் போய் மத்தியானம் திரும்பிவிடும். பிள்ளைகள் வருவது அதற்குப் பிறகு. சுவரோடு சுவராக ஒட்டும் பலகைக் கதவு போட்டு வெள்ளையடித்துவிட்டால், காலையில் சன்னலே இல்லை, மாலையில் உண்டு. கூட்டம் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. சன்னல் வைத்ததும், இந்தச் சனிக்கிழமை சேவியர் கடலிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அடையாளம் கெட்டதென்றால் இன்றைக்கே அடைத்துவிடுவது. செங்கல் கீழே அடுக்கியிருந்தது. பக்கத்தில் கொத்தனார் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சன்னலுக்கு உள்பக்கம் கம்பி உண்டா என்றுதான் நான் முதலில் கேட்டேன். உண்டு. நிலாவின் தலை நுழையாது என்று கையை வைத்தும் பார்த்துக்கொண்டேன்.

பத்தரைக்கு பிரகாசி அக்காவின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். காற்று இரைச்சலுக்கு நடுவே சேவியரின் குரல்:

"ஏளா, சுவருல ஒட்டுப்போட்ட சட்ட மாதிரி தனியா ஒரு சதுரம் தெரியுது. எவன் வீடோன்னு நெனச்சேன்."

மெர்லின் முகம் சுண்டிவிட்டது. உப்புக்காற்றுக்குத் தாங்கட்டும் என்று கதவுக்கு மட்டும் எனாமல் பெயின்ட் வாங்கி அடித்திருந்தாள். பழைய சுண்ணாம்புச் சுவரின் வெள்ளை வேறு, இந்தப் பளபளப்பு வேறு.

"கரைக்கு வாரப்ப இன்னொரு தடவ பாருங்க" என்று பிரகாசி அக்கா போனிலேயே கெஞ்சினார். "பார்க்கேன். பொய் சொல்ல மாட்டேன், பாத்துக்கோ" என்றார் அவர்.

கொத்தனார் தேநீர் டம்ளரை வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தார். கதவைக் கழற்றி வெயிலில் போட்டு நாங்கள் மூவரும் பளபளப்புப் போகத் தேய்த்தோம். அவர் சிப்பிச் சுண்ணாம்பில் பசை கலந்து பூசினார். ஈரத்தில் அது சாம்பல் நிறமாக நின்றது. காய்ந்தால்தான் வெளுக்குமாம். காய வேண்டுமே! கதவை மாட்டுமுன் பழைய செய்தித்தாள்களை எடுத்துக்கொண்டு விசிற ஆரம்பித்தோம்.

"ஊரு ஒலகம் பேப்பர் படிக்க வருது. நீங்க விசிறுதீயளே!" என்று சிரித்தார் கொத்தனார்.

நிலாவும் விசிறினாள். தொப்பியை எங்கேயோ போட்டிருந்தாள். சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

கதவை மாட்டி முடித்து, பன்னிரண்டு தாண்டியதும் மறுபடி போன். யாரும் எடுக்கத் துணியவில்லை. கடைசியில் மெர்லின்தான் எடுத்தாள்.

"ஏளா பிரகாசி, சன்னல அடச்சிட்டீயளா? சுவரு முழுசா நிக்கே!"

மெர்லின் போனோடு செங்கல் அடுக்கின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். "எந்திரி தாயி, வண்டில ஏத்தணும்" என்றார் கொத்தனார்.

கடைசி வள்ளமும் கரையேறிய பிறகு சன்னலைத் திறந்தார்கள். காற்று வந்த வேகத்தில் மேசை மேலிருந்த புத்தகங்கள் தாமாகவே புரண்டன. சேவியர் அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "வாங்க" என்று கூப்பிட்டதும், காலைக் கழுவிக்கொண்டு தயங்கி மாடிக்கு வந்தார். சின்ன வயதிலிருந்து இந்தச் சுவரைப் பார்த்தே கரைக்கு வந்தவர், உள்ளே வந்ததே இல்லையாம்.

"மீன் நாறும்னு வெளியவே நின்னுக்கிடுவாக" என்றார் பிரகாசி அக்கா.

அவர் கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இங்கனருந்து பாத்தா, நாங்க பாருல நிக்க எடம் ஊருக்கே தெரியும்போலயே" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. ஆனா நீங்க எல்லாரும் வந்த பொறவுதான தொறப்போம்" என்றாள் மெர்லின்.

அதுதான் நல்லது என்பதுபோல் அவர் தலையாட்டினார்.

நாலரைப் பேருந்தில் திரும்பினோம். நிலா மடியில் தூங்கிவிட்டாள். கழுத்தில் நாலைந்து வேர்க்குரு இருந்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருமுனை நூலகத்துக்கு வாரம் தவறாமல் போகிறேன். எந்த அலமாரியில் எந்தப் புத்தகம் என்பதுவரை தெரியும். வெளிச்சுவர் என்ன நிறம் என்று நினைத்துப் பார்த்தேன். வைப்பாறு பாலம் தாண்டியும் நினைவுக்கு வரவில்லை.