விரத நாளில் வந்த எலும்பு

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைக் கூப்பன் கடை வரிசையில் நின்றேன். என் தம்பி கார்த்திகேசுவிடம் பழைய எலும்புகளைப் பற்றிப் படித்த சிங்கள மாணாக்கன் பியசேன ஓடிவந்தான். "அக்கே, சேர் போயிட்டார்," என்றான். இரத்தினபுரி ஆசுபத்திரியில், காய்ச்சலில். நான் வரிசையை விட்டு அசையவில்லை. அரிசியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அதைக் குறையாகக் கதைத்தவர்களுக்கும் அந்த அரிசியைத்தான் பக்கத்து வீட்டில் சமைத்துப் போட்டார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தில் நானும் எழுத வேண்டும் என்று அவனுடைய மாணாக்கர் கேட்டார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எனக்கு மறதி இல்லை. சிலருக்கு அது வசதிப்படாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மாணிக்கக் குழியில் கல் தேடுகிறவர்கள் எலும்பு வந்தால் எறிந்துவிடுவார்கள். இவன் குழி விளிம்பில் குந்தியிருந்து அவற்றைப் பொறுக்கினான். காண்டாமிருகமும் நீர்யானையும் ஒருகாலம் இந்தத் தீவில் திரிந்தன என்று அவற்றை வைத்தே படித்தவர்களுக்குக் காட்டினான். எலும்பு பழையதா என்று அறிய நாக்கு நுனியில் வைப்பான். பழையது நாக்கில் ஒட்டிப் பிடிக்கும், புதியது பிடிக்காது. சைவ வீட்டில் இதை எப்படிப் பொறுப்பது? கிணற்றடியில் அவனுக்குத் தனிச் செம்பு வைத்தேன்.

"வாயைக் கொப்பளிச்சுப்போட்டு உள்ளை வா."

"அக்கா, இது செத்து எத்தினையோ ஆயிரம் வருசம். துடக்கு எப்பவோ கழிஞ்சுபோச்சு."

"அதை ஐயரிட்டைக் கேட்டுச் சொல்லுறன். இப்ப கொப்பளி."

ஒரு ஐப்பசி மழையில், ஆழமான குழியொன்றிலிருந்து ஒரு கால் எலும்பு வந்தது. அப்போது கந்தசஷ்டி. விரதக்காரன் எலும்பை நாக்கில் வைப்பானா? விரதம் முடியட்டும் என்று பொதிந்து, தான் வேலை செய்த நூதனசாலைக் கந்தோருக்குக் கொண்டுபோனான். அங்கே அவனுக்கு மேலிருந்த வெள்ளைக்காரத் துரைக்குப் பொறுமை இல்லை. எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டார்; ஆழத்தில் கிடந்தால் பழையது என்பது அவர் கணக்கு. உலகத்தில் இப்போது இல்லாத ஒரு மாட்டினம் இது என்று படித்தவர்களின் சபையில் அறிவித்துவிட்டார். அந்தப் புகழில் இவனும் சோதிக்க மறந்து, அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினான். துரை சீமைக்குத் திரும்ப இருந்த நேரம். அவருடைய நாற்காலி கார்த்திகேசுவுக்குத்தான் என்று பம்பலப்பிட்டி வரை பேச்சு.

மாசியில் ஒருநாள் அதே எலும்பை எடுத்து நாக்கில் வைத்தான். பிடிக்கவில்லை. அன்றே இரத்தினபுரிக்கு ஓடினான். குழியின் பக்கச் சுவரில், மண் சரியாமல் எப்போதோ கொடுத்த முட்டுமரங்கள் உக்கிப்போய் இருந்தன. முன்பு யாரோ தோண்டி, திரும்ப மூடிய குழி அது. மூடும்போது மேல்மண்ணோடு உள்ளே போன சாதாரண எருமையின் எலும்பு.

அதன் பிறகு அவனுக்கு நித்திரை இல்லை. ரயில் பாதையோரம் நடப்பான், வருவான், திரும்ப நடப்பான். ஒருநாள் வாசலில் மறித்தேன்.

"ஒருத்தருக்கும் தெரியாதெல்லே. நாற்காலி வரட்டும், பிறகு சொல்லு," என்றேன்.

"நாற்காலி வந்தால் நான் சொல்லமாட்டன், அக்கா. என்னை எனக்குத் தெரியும்."

"அப்ப விரதத்தாலை விட்டுப்போச்சு எண்டாவது சொல்லு."

"விரதம் என்ரை. பிழையும் என்ரை. முருகனை ஏன் சாட்சிக்கு இழுக்கிறாய்?"

துரை இருக்க, சபையில் எழுந்து, "இந்த எலும்பை நான் சோதிக்கவில்லை, கட்டுரை பிழை," என்று சொன்னான். முன்வரிசையில் இருந்த கறுவாத்தோட்டத்துக் கனவான் ஒருவர் சிரித்தாராம். நாற்காலி அவருக்குப் போனது. செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்து, "நேர்மையான மனுசன்," என்று என்னிடம் சொன்னாரே, அவர்தான். நான் எழும்பவில்லை. இனியும் எழும்பமாட்டேன்.

மாணிக்கக் குழி எலும்பு என்று எவர் கொண்டுவந்தாலும், குழி முன்பு தோண்டியதா என்றுதான் இப்போது முதலில் கேட்கிறார்களாம். சீமையிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்களாம். அது கார்த்திகேசு போட்ட வழி என்று பியசேன சொல்கிறான். இருக்கட்டும். அந்த வழியில் நடக்கிறவர்கள் அவனுக்கு ஒரு நாற்காலி கொடுக்கவில்லை. இருபது வருடம் கீழ்ப்படியில் நின்றே வேலை செய்தான்.

அந்தச் சபை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், "அக்கா, பசிக்குது," என்றான். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தான். கடற்கரை ரயில் வீட்டையே குலுக்கிக்கொண்டு போனது. அவன் அசையவில்லை. மாதக்கணக்காகக் கண் மூடாதவன் குறட்டை விட்டான். நான் பக்கத்தில் இருந்து, நாற்காலியை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குறட்டையைக் கேட்டேன்.

அவனுடைய எலும்புகளைக் கந்தோர் எடுத்துக்கொண்டது. புத்தகங்களை மாணாக்கர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குறட்டைச் சத்தம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. இரண்டையும் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.